பதினேழாவது கேமராவில் மூன்று பேர்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பேய் என்றால் நட்டநடு ராத்திரி, நாய் ஊளை, வெள்ளை உருவம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். என்னிடம் அதெல்லாம் கிடையாது. என்னைக் குலைநடுங்க வைத்ததெல்லாம் நல்ல வெளிச்சத்தில்தான். சரியாகச் சொன்னால், மாலை 4:52.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய நகரத்தை ஒட்டிய காட்டில். தேசியப் பூங்கா என்று வாசலில் பலகை இருக்கும். ஒரு பக்கம் மேம்பாலமும் அடுக்குமாடிகளும், மறுபக்கம் சிறுத்தை, நடுவில் ஒரு மதில்சுவர். சுவரை ஒட்டி எங்கள் ஆபீஸ். காட்டுக்குள் மரங்களில் இருபது கேமராக்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எதிரே உடம்புச் சூட்டோடு எது அசைந்தாலும் தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். வியாழக்கிழமைதோறும் இரண்டு பேர் ஜீப்பில் போய் உள்ளே இருக்கும் கார்டுகளை மாற்றி எடுத்து வருவார்கள். வெள்ளிக்கிழமை காலை நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மான், பன்றி, சிறுத்தை, ஆள், ஒன்றுமில்லை என்று பிரிப்பேன். வாரத்துக்கு மூவாயிரம் படம் வரும். கண் பூத்துப் போகும்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். வாயை மூடமாட்டார். அவர் பேச்சுக்குப் பயந்தே சிறுத்தை ஒதுங்கிப் போகும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. கார்டை எடுப்பதற்கு முன்னால், ஒருவர் கேமரா எதிரே நின்று ஒரு சிலேட்டைக் காட்டவேண்டும். அதில் சாக்பீஸால் கேமரா எண், தேதி, நேரம், ஆட்கள் எத்தனை பேர் என்று எழுதியிருக்க வேண்டும். உள்ளே போன ஆள் எண்ணிக்கை வெளியே வரும்போதும் இருக்கவேண்டும் அல்லவா, அதற்காக. பிறகு புதிய கார்டைப் போட்டுவிட்டு, ஒருவர் நாலு காலில் கேமராவுக்கு எதிரே தவழ்ந்து போவார், மிருகம் மாதிரி. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் கேமரா நன்றாக இருக்கிறது. எரியாவிட்டால் பழுது.

சிலேட்டைக் காட்டும்போது என் வீட்டுக்காரர் எனக்காக ஒன்று செய்வார். இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வலது காதைப் பிடித்து இரண்டு முறை இழுப்பார். 'சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவேன்' என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. படத்தை நான் பார்ப்பது மறுநாள்தான், அதற்குள் மனுஷர் வீட்டுக்கு வந்து தூங்கியும் எழுந்திருப்பார். இருந்தாலும் பார்க்கும்போது சிரிப்பு வரும். இந்த விஷயம் ரேடியோவுக்குக்கூடத் தெரியாது. மனுஷனுக்குக் காதில் ஏதோ அரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை காலை எங்களுக்குள் சண்டை. ஊழியர் குடியிருப்பில் கூரை ஒழுகி ஒழுகி எனக்கு அலுத்துவிட்டது. ஆபீஸ் வேலைக்கு மாற்றல் கேளுங்கள், நகரத்துக்குள் வீடு பார்ப்போம் என்று நான். காட்டை விட்டு வரமாட்டேன் என்று அவர்.

"காடு காடுன்னு உயிரை விடறீங்களே, அப்ப அங்கேயே இருந்துடுங்க. வீட்டுக்கு வர வேண்டாம்."

"சரி. இருந்துடறேன்."

ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல. அந்த வார்த்தையைத் திரும்பப் பிடித்து விழுங்கிவிட முடியுமென்றால் என் பாதி ஆயுளைக் கொடுப்பேன்.

மாலை 6:40-க்கு ஜீப் திரும்பியது. சிலேட் இல்லை. எங்கே என்றேன். "காட்டுல விழுந்துடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. கார்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய்விட்டார். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, 17-ஆம் கேமராவின் கடைசிப் படம். மணி 4:31. என் வீட்டுக்காரர் சிலேட்டோடு நிற்கிறார். இடது கை வலது காதில். அப்பாடா, சமாதானம் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அப்புறம்தான் சிலேட்டைப் படித்தேன்.

ஆட்கள்: 3.

அவர் கையெழுத்துதான். போனது இரண்டு பேர். படத்தில் அவருக்குப் பின்னால் தள்ளி ரேடியோ நிற்கிறார். இடது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில்... ஒரு முழங்கை. மடித்துவிட்ட காக்கிச் சட்டைக் கை. அவ்வளவுதான் தெரிந்தது.

"கூட யாரு வந்தா?" என்று வீட்டில் கேட்டேன்.

"யாரும் இல்லையே."

"மூணுன்னு எழுதியிருக்கீங்க."

"அப்படியா?" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், துணி மடித்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அதுமட்டுமா? பாத்திரம் கழுவினார். மாற்றல் மனுவில் நான் சொல்லாமலே கையெழுத்துப் போட்டார். "நீ சொன்ன மாதிரி ஊருக்குள்ள போயிடலாம்" என்றார். கொதிக்கக் கொதிக்க டீயை ஊதாமல் குடித்தார். சண்டை போட்டால்தான் ஆண்கள் வழிக்கு வருகிறார்கள் என்று ஆபீஸில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். காதைப் பிடிக்கும் விளையாட்டு மட்டும் நின்றுவிட்டது. கொஞ்சம் ரோஷம் மிச்சம் இருக்கிறது போல என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமையும் போனார்கள். அன்று நான்கு கேமராக்களில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று ரேடியோ எழுதிக் கொடுத்தார். 6, 11, 14, 17. மறுநாளே மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை 10:15. 17-இன் கார்டைப் போட்டேன்.

முதல் படம், போன வியாழன், 4:52. அதாவது இவர்கள் கிளம்பிப்போன பிறகு. புதர்களுக்கு நடுவே ஓர் ஆள் ஓடுகிறான். லென்ஸில் தூசி படிந்து முகம் தெரியவில்லை. காக்கி உடை.

வெள்ளி, 4:52. அதே ஆள். முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து நிற்கிறான்.

சனி, 4:52. மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். முழங்காலில் முகத்தைப் புதைத்திருக்கிறான்.

ஞாயிறு, 4:52. எழுந்து கேமராவைப் பார்க்கிறான். தூசியில் முகம் தெரியவில்லை.

திங்கள், 4:52. நெருங்கி வந்திருக்கிறான்.

செவ்வாய், 4:52. இன்னும்.

புதன், 4:52. ஓர் உள்ளங்கை. லென்ஸ் முழுக்க. ரேகைகூடத் தெரிந்தது.

தலைக்கு மேலே ஃபேன் டக்... டக்... என்று சுற்றிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான் வந்தது. சிலேட்டில் அவர் எழுதிய மூன்றாவது ஆள் இது. இது என் புருஷனுக்காகக் காத்திருக்கிறது. அடுத்த வாரம் அவர் போனால் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பதிவேட்டில் ஒரு விதி. விளக்கு எரியாத கேமராவைப் 'பழுது' என்று எழுதிவிட்டால், நகரத்திலிருந்து மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போகவேண்டியதில்லை. மெக்கானிக் மழைக்காலம் முடிந்துதான் வருவார். 6, 11, 14, 17, நான்குக்கும் நேராகப் 'பழுது' என்று எழுதினேன். 17-க்கு மட்டும் பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். என் புருஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மழை வந்தது. காட்டுப் பாதைகளை மூடினார்கள். அவருக்கு ஆபீஸ் வேலைக்கு மாற்றல் கிடைத்தது. நகரத்துக்குள் நான்காவது மாடியில் வீடு பிடித்தோம். ஒழுகாத கூரை. சமையலறை ஜன்னலில் நின்றால் தூரத்தில் காடு தெரியும். மாலையில் அவர் அங்கேதான் நிற்பார்.

மூன்று மாதம் கழித்து மெக்கானிக் வந்தார். எப்போதும் மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர், தும்மிக்கொண்டே பேசுவார். நான்கு கேமராக்களையும் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

"யாரும்மா பழுதுன்னு எழுதினது? நாலும் நல்லாத்தான் இருக்கு."

"விளக்கு எரியலையே."

"நான் தவழ்ந்து பார்த்தேன், எரியுது. உடம்புல சூடு இருந்தா எரியும். அன்னைக்கு எது தவழ்ந்துச்சோ!"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் டீ குடிக்கப் போன பிறகு பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த வியாழக்கிழமை எந்தக் கேமராவில் யார் தவழ்ந்தார்கள் என்று அதில் இருக்கும். மற்ற பதினாறிலும் ரேடியோ.

6, 11, 14, 17... நான்கிலும் என் வீட்டுக்காரர்.

17-இன் கார்டைப் போட்டேன். மணி 3:20. மூன்று மாதப் படங்கள். தினமும் ஒன்று. தினமும் 4:52. மழை கழுவிவிட்டதால் லென்ஸ் பளிச்சென்று இருந்தது.

முகம் தெரிந்தது.

தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காக்கிச் சட்டை கிழிந்து தொங்கியது. கையில் அந்தத் தொலைந்துபோன சிலேட்.

17. தேதி. 4:52. ஆட்கள்: 1.

இடது கை... வலது காதில்.

அடுத்த நாள். காதைப் பிடித்திருக்கிறார். அடுத்த நாள். காதைப் பிடித்திருக்கிறார். கொட்டுகிற மழையில், சேற்றில், ஒரு படத்தில் நிற்க முடியாமல் மரத்தில் சாய்ந்துகொண்டு. தொண்ணூற்றோரு படம். சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவேன்... சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவேன்...

வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். ரேடியோவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு 17-ல என்ன நடந்துச்சு?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?" என்று மழுப்பினார்.

"அண்ணே, சொல்லுங்க."

"திரும்பி வரும்போது அவன் எனக்கு முன்னால நடந்துட்டு இருந்தான்மா. அப்போ பின்னாலேர்ந்து குரல். 'டேய், நில்லுடா, என்னை விட்டுட்டுப் போறியேடா'ன்னு. அவன் குரல்..."

"அப்புறம்?"

"முன்னாலயும் அவன்தான். பின்னாலயும் அவன்தான். நான் திரும்பிப் பார்க்கலம்மா. அடுத்த வாரமும் கூப்பிட்டான். அப்பவும் பார்க்கல. என்னை மன்னிச்சுடு."

யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனைக் காணோம் என்று புகார் கொடுத்தால், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். கதவைத் திறந்து 'வாங்க, உட்காருங்க' என்பாரே இவர்!

முதலில் உறுதி செய்துகொள்ள நினைத்தேன். பழுது பார்க்கவேண்டும் என்று சொல்லி ஒரு கேமராவை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சமையலறை அலமாரியில், டப்பாக்களுக்கு நடுவில் வைத்தேன். அன்று மாலை இவர் அந்தப் பக்கம் ஆறு தடவை தனியாக வந்து போனார். எண்ணினேன்.

மறுநாள் பார்த்தேன். என் படம் இருபத்து மூன்று. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று.

இவர் படம்... ஒன்றுகூட இல்லை.

அடுத்த வியாழக்கிழமை 17-ஆம் கேமராவைத் திரும்பக் கட்ட மெக்கானிக் போனார். நானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிக்கொண்டேன். கட்டி முடித்ததும், சோதனைக்கு நானே நிற்கிறேன், நீங்கள் ஜீப்பில் இருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். நூறடி தள்ளி அவர் தும்முவது கேட்டது. அந்தத் தைரியம்தான்.

4:49. தூரத்தில் ரயில் போகும் ஓசை.

4:51. ஓசை நின்றது. பூச்சிகூடக் கத்தவில்லை.

4:52.

புது சிலேட்டில் எழுதினேன். ஆட்கள்: 2. என்னையும் அவரையும் சேர்த்து. கேமராவைப் பார்த்து நின்றேன். இடது கையால் வலது காதைப் பிடித்து இரண்டு முறை இழுத்தேன். நான் வந்துட்டேங்க, வாங்க, வீட்டுக்குப் போகலாம்...

க்ரீச்.

சிலேட்டில் சாக்பீஸ் உரசும் சத்தம். எனக்குப் பின்னால். என் சாக்பீஸ் என் கையில் இருந்தது.

க்ரீச்... க்ரீச்...

ரேடியோ செய்த தப்பை நான் செய்யமாட்டேன். திரும்பினேன்.

யாரும் இல்லை. ஈரமான இலைகள். அவ்வளவுதான்.

காத்திருந்தேன். 5:10-க்கு மெக்கானிக் ஹாரன் அடித்தார். நடந்ததை உறுதியாகப் பார்க்கவேண்டும் என்று கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு கார்டைப் போட்டேன். ஆபீஸுக்கு வந்து பார்த்தேன். ஒரே படம். நான் நிற்கிறேன், காதைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி. எனக்குப் பின்னால் அவர் இல்லை.

இடது ஓரத்தில்... ஒரு முழங்கை. மடித்துவிட்ட காக்கிச் சட்டைக் கை.

வீட்டுக்கு வந்தேன். மணி 7:05. இவர் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"லேட்டாயிடுச்சே. எங்க போயிருந்தே?"

"ஆபீஸ்லதான் இருந்தேன்."

"சரி."

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டு, இடது கையை மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டு போனார். வலது காதைப் பிடித்தார். ஒரு முறை இழுத்தார். இரண்டாம் முறை இழுத்தார்.

"இப்படித்தானே?" என்றார்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை செய்துகாட்டினேன். 17-க்கு முன்னால்.

அதற்கப்புறம் ஒரு வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சொல்லி, வீட்டுப் பக்கமே போகாமல் ராத்திரியும் ஆபீஸிலேயே தங்கிக்கொண்டேன். இன்று வியாழக்கிழமை. ஆபீஸில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி 4:05. வெளியே மெக்கானிக் ஜீப்பைக் கிளப்பிவிட்டார். நான் போயாக வேண்டும். தாடியும் கிழிந்த சட்டையுமாக ஒருவர் புதரை விலக்கிக்கொண்டு வருவார், காதைப் பிடித்துக் காட்டுவார், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இந்த ஒரு வாரமும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

சற்றுமுன் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. இவருடைய ஆபீஸிலும் இல்லையாம். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன்.

"மத்தியானமே கிளம்பிட்டாரே. ஏன், உங்களுக்குத் தெரியாதா? ஒரு வாரமா ஷேவ் பண்ணல போல, தாடியும் அதுவுமா... கேக்கவே சங்கடமா இருந்துச்சு. சட்டைகூடக் கிழிஞ்சிருந்துச்சே."